ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் வண்டி ஏன் உருள்கிறது?

பழைய லேண்ட் ரோவர் டிஃபென்டரின் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கும்போது, ஹேண்ட்பிரேக்கை இறுக இழுத்திருந்தாலும் வண்டி உருண்டு ஜாக்கியை விட்டுச் சரியக்கூடும். இது பிரேக்கின் பழுதன்று, அது பொருத்தப்பட்டிருக்கும் இடத்தின் விளைவு. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை நேரடியாகப் பிடிக்கிறது. இங்கிலாந்தின் சோலிஹல்லில் 2016 ஜனவரி வரை தயாரான டிஃபென்டரிலோ அது எந்தச் சக்கரத்தையும் தொடுவதில்லை. எஞ்சினின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்புறம், பின் அச்சுக்குச் செல்லும் ஷாஃப்ட் தொடங்கும் இடத்திலுள்ள டிரம்மை மட்டுமே இறுக்குகிறது.

அந்த ஷாஃப்ட்டுக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் இந்தப் பல்சக்கரத் தொகுதி, ஷாஃப்ட் அசையாமல் நின்றுவிட்டாலும் ஒரு சக்கரம் முன்னோக்கியும் மற்றது அதே வேகத்தில் பின்னோக்கியும் சுழல்வதைத் தடுப்பதில்லை. இரண்டும் தரையில் இருக்கும்வரை அப்படிச் சுழல வழியில்லாததால் வண்டி நிற்கிறது. ஒன்று அந்தரத்தில் தொங்கியதும் அது தடையின்றி எதிர்த்திசையில் சுழல, தரையிலுள்ள சக்கரம் சரிவின் போக்கில் உருளத் தொடங்குகிறது.

ஆகவே தூக்குவதற்கு முன், முன் ஷாஃப்ட்டுக்கும் பின் ஷாஃப்ட்டுக்கும் இடையே டிரான்ஸ்ஃபர் பாக்ஸில் இருக்கும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்ட வேண்டும். பூட்டினால் முன் ஷாஃப்ட்டும் பிரேக்கின் பிடிக்குள் வருகிறது. முன்சக்கரங்கள் இரண்டும் தரையில் இருப்பதால் அவை வண்டியை நிறுத்திவைக்கின்றன. பூட்டுவதற்கான லீவரைத் தள்ளியது மட்டும் போதாது, பற்கள் கோத்துக்கொண்டதற்கு அடையாளமாக டேஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும். இதற்கு மேலும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன், ஏனெனில் கட்டைக்கு டிஃபரன்ஷியல் ஒரு பொருட்டே அல்ல.

அடுத்த ஆபத்து தரையில் இருக்கிறது. ஜாக்கியின் மீது 600 கிலோ எடை இறங்குவதாகவும், அதன் அடிப்பகுதி பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் என்றும் கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 6 கிலோவைத் தாங்க வேண்டும். டயர் தரைமீது தரும் அழுத்தமோ அதனுள் அடைத்த காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். 30 பிஎஸ்ஐ என்றால் சுமார் 2 கிலோதான். டயரைச் சுமந்த அதே மணல் ஜாக்கியை விழுங்கிவிடுவது இதனால்தான். முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் அளவுள்ள, வளையாத தடித்த பலகையை அடியில் வைத்தால் அழுத்தம் 0.7 கிலோவுக்கும் கீழே போய்விடும்.

ஜாக்கியை வண்டியின் உடலுக்கு அடியில் வைத்தால், சுருள்வில் முழுவதும் நீண்டு முடியும்வரை சக்கரம் தரையை விட்டு எழாது. அதற்குள் வண்டி வெகுவாக உயர்ந்து, ஈர்ப்பு மையமும் மேலேறி, சற்றே அசைந்தாலும் சாயும் நிலைக்கு வந்துவிடுகிறது. நீண்ட கம்பியில் ஏறி வண்டியின் உடலையே தூக்கும் ஹை-லிஃப்ட் ஜாக்கி பார்க்க வீரமாக இருந்தாலும் சக்கரம் மாற்ற எனக்கு உவப்பானதன்று. சுருள்வில்லுக்கு நேர் கீழே, அச்சுக் குழாய்க்கு அடியில் வைக்கும் ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கிக்குச் சில சென்டிமீட்டர் உயர்த்தினாலே போதும். எந்த ஜாக்கியானாலும், அது மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் யாரும் நுழையக்கூடாது.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே சக்கர நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும், கடைசி இறுக்கத்தையும் சக்கரம் தரையில் இறங்கிய பின்பே கொடுக்க வேண்டும். அந்தரத்தில் உள்ள சக்கரத்தின் நட்டை ஸ்பேனரால் பலமாகத் திருகினால் சக்கரமும் சேர்ந்து திரும்பும். அந்தத் திருப்பத்தை டிஃபரன்ஷியல் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கடத்தி, வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளப் பார்க்கும்.