முகம் ஒன்று, முதுகு வேறு: பழைய காரில் கலந்து மாட்டும் வீல்கள்

ஒரு காரின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒரே நேரத்தில் யாராலும் பார்க்க முடியாது. அதனால்தான், அரிதான பழைய அலாய் வீல் இரண்டு மட்டும் கையில் இருந்து, மீதி இரண்டுக்கு அதே ஜாடையில் வேறு கம்பெனி வீல் கிடைத்துவிட்டால், பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: ஒரு ஜோடியை இடப்பக்கம் மாட்டு, இன்னொரு ஜோடியை வலப்பக்கம் மாட்டு. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எல்லாம் பொருந்தியே இருக்கும். கண்ணுக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. காருக்கு இதைவிட மோசமான யோசனையும் கிடையாது.

காருக்குப் பக்கம் முக்கியமில்லை, அச்சுதான் முக்கியம். முன் வீல்கள் இரண்டையும் ஸ்டீயரிங் கம்பிகள் பிணைக்கின்றன. இடது வீல் ஒரு பக்கம் திரும்பப் பார்த்தால் வலது வீல் அதற்கு எதிராக இழுத்துச் சமன்செய்யும். பின்வீல் ஓட்டமுள்ள காரில் பின் இரண்டையும், எஞ்சின் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் பிணைக்கிறது. இந்த ஜோடிக்குள் வித்தியாசம் புகுந்தால்தான் வம்பு. முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் இருந்தால், அளவு மீறாதவரை, பெரிதாக ஒன்றும் ஆகாது. பின்னால் அகலமான வீலோடு பல ஸ்போர்ட்ஸ் கார்கள் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. ஆக, கலப்பதில் தப்பில்லை. எப்படிக் கலக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரே ஜாடையில் இத்தனை வீல்கள் எங்கிருந்து வந்தன? அமெரிக்காவில் 1963இல் அமெரிக்கன் ரேசிங் கம்பெனியின் ஐந்து ஸ்போக் 'டார்க் த்ரஸ்ட்' வந்தது. அடுத்த வருடமே கிராகர் கம்பெனியின் 'எஸ்/எஸ்' வந்தது. அதே பத்தாண்டில் பிரிட்டனில் மினி காருக்கென எட்டு ஸ்போக் 'மினிலைட்' புகழ்பெற்றது. மூன்றும் சக்கைப்போடு போட்டதால் மற்ற கம்பெனிகள் அதே முகத்தை வார்த்துத் தள்ளின. தோற்றத்தைக் காப்பியடிப்பது சுலபம். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய அகலத்தில், தனக்குக் கிடைத்த உலோகத்தில், தான் குறிவைத்த காருக்கு ஏற்பச் செய்தது. ஒரே கம்பெனியின் ஒரே டிசைனில்கூட இந்தத் தொல்லை உண்டு. டிஸ்க் பிரேக் பரவலானபோது வந்த 'டார்க் த்ரஸ்ட் டி'யில், பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு இடம் விட ஸ்போக்கின் வளைவை மாற்றினார்கள். நாலடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. மாற்றுவதற்கு முந்தைய வீலை டிஸ்க் பிரேக் உள்ள காரில் மாட்டிச் சுற்றினால் ஸ்போக் காலிப்பரில் உரசக்கூடும்.

வீலின் உண்மையான அடையாளம் அதன் முதுகில் இருக்கிறது. பழந்துணி ஒன்றை விரித்து வீலை முகம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள் (குரோம் பூச்சில் கீறல் விழுந்தால் அடுத்த ஒரு வாரம் தூக்கம் வராது). ரிம்மின் பின் விளிம்புக்குக் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்து, அதிலிருந்து ஹப்பில் (காரில் வீலை மாட்டும் நடுப்பகுதியில்) போய் உட்காரும் தட்டையான முகப்பு வரை ஆழத்தை அளந்தால் அதுதான் பேக்ஸ்பேஸ். இதிலிருந்து ஆஃப்செட்டைக் கணக்கிட வேண்டும். ரிம்மின் சரிநடுவிலிருந்து அந்த முகப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 7 அங்குல வீல் என்றால் டயர் உட்காரும் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே 7 அங்குலம். விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளந்தால் ஏறத்தாழ 8 அங்குலம் வரும். அதனால் 7 அங்குல வீலில் பேக்ஸ்பேஸ் 4 அங்குலம் என்றால் ஆஃப்செட் பூஜ்யம். பேக்ஸ்பேஸ் 4.5 என்றால் ஆஃப்செட் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். முகத்தை மட்டும் பார்த்து வாங்கிய இரண்டு வீல்களுக்கு நடுவே இந்த அரை அங்குலம் சர்வசாதாரணமாக ஒளிந்திருக்கும்.

அரை அங்குலம் என்ன செய்துவிடும்? முன் வீல் திரும்பும்போது ஒரு சாய்வான கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. அந்தக் கோட்டைத் தரை வரை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தடத்தின் நடுப்புள்ளிக்கும் இடையே பக்கவாட்டில் ஓர் இடைவெளி இருக்கும். இதற்கு ஸ்கிரப் ரேடியஸ் என்று பெயர். பிரேக் பிடித்தால் சாலை டயரைப் பின்னோக்கி இழுக்கும். அந்த இழுப்பு இந்த இடைவெளியை நெம்புகோலாகக் கொண்டு வீலைத் திருப்பப் பார்க்கும். இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருந்தால் இரண்டு திருப்பங்களும் ஸ்டீயரிங் கம்பிகளில் மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆஃப்செட் எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவும் அப்படியே ஸ்கிரப் ரேடியஸில் போய்ச் சேரும். இடதில் ஒரு ஆஃப்செட், வலதில் அரை அங்குலம் குறைவான ஆஃப்செட் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர எடையுள்ள காரில் பலமாக பிரேக் அடிக்கும்போது ஒரு முன் டயரில் 3,000 நியூட்டன் அளவுக்கு விசை வரும். அதை 0.0127 மீட்டரால் பெருக்கினால் 38 நியூட்டன் மீட்டர். இவ்வளவு திருப்புவிசை சமனாகாமல் மிஞ்சுகிறது. ஸ்டீயரிங் விகிதம் 16க்கு 1 என்றால் ஸ்டீயரிங் தண்டுக்கு வந்து சேர்வது சுமார் 2.4 நியூட்டன் மீட்டர். 19 செ.மீ. ஆரமுள்ள ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கு அது ஒரு கிலோவுக்கும் சற்று அதிகமான இழுப்பு. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய காரில் இது நேராகக் கையில் வந்து விழும். மழையில் அவசரமாக பிரேக் பிடிக்கும் வேளையில் கார் தானாக ஒரு பக்கம் ஒதுங்கப் பார்க்கும். இடது ஒன்று, வலது ஒன்று என்ற யோசனையை மோசம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது போல்ட் வட்டம், அதாவது பிசிடி. வீலை மாட்ட ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மறையுள்ள கம்பிகள்தான் ஸ்டட்கள். அவற்றின் மையங்கள் வழியே வரைந்த வட்டத்தின் விட்டமே பிசிடி. 114.3 மி.மீ. வீல் 120.65 மி.மீ. ஹப்பில் நுழையவே நுழையாது. அதனால் அதில் ஆபத்தில்லை. ஆபத்தெல்லாம் நுழைந்துவிடும் வீலில்தான். 120.65 என்பது 4¾ அங்குலம். 120 என்பது மெட்ரிக் அளவு. ஐந்து ஸ்டட் வீலில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளை அளந்தால் முன்னதில் 70.9, பின்னதில் 70.5 மி.மீ. வரும். சாதாரண டேப்பில் இது பிடிபடாது. நான்கு ஸ்டட் வீல்களில் 100க்கும் 101.6க்கும் இதே கதை. நட் ஏறிவிடும், ஸ்பானரும் 'இறுகிவிட்டது' என்று சொல்லும். ஆனால் அந்த இறுக்கத்தில் ஒரு பங்கு ஸ்டட்டைப் பக்கவாட்டில் வளைப்பதில் செலவாகியிருக்கும். வீலை ஹப்போடு அழுத்துவதற்குப் போக வேண்டிய விசை அது.

அந்த அழுத்தம்தான் வீலைப் பிடித்து வைத்திருக்கிறது. வீலின் பாரத்தை ஸ்டட்கள் சுமக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஸ்டட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது. சுமப்பது ஹப்புக்கும் வீலுக்கும் இடையிலுள்ள உராய்வு. அரை அங்குல ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால் ஏறத்தாழ 4 டன் அழுத்தம் கிடைக்கும். ஐந்து ஸ்டட்டுக்கு 20 டன். பழைய வீலைப் புதுப்பிக்கும்போது அந்த முகப்பிலும் நட் இருக்கையிலும் தடிமனாகப் பெயின்ட் அடித்துவிட்டால் இந்த அழுத்தத்தில் பெயின்ட் நசுங்கி ஒழுகும், இறுக்கம் தளரும். அந்த இடங்களை வெறும் உலோகமாக விட வேண்டும். மாட்டி நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை எல்லா நட்டையும் சரிபார்த்து மறுபடி இறுக்கவும் வேண்டும்.

நட்டிலும் சாதி உண்டு. 60 பாகைக் கூம்பு நட், உருண்டை இருக்கை நட், வாஷரோடு நேராக உள்ளே நுழையும் நீள்கழுத்து நட் என மூன்று வகை பரவலாக இருந்தன. கூம்பு நட்டை உருண்டை இருக்கையில் வைத்தால் மெல்லிய வளையமாக மட்டுமே தொடும். அலுமினியம் அங்கே நசுங்கும், நாலு நாளில் நட் தளரும். இன்னொரு ரகம் 'யூனிலக்'. நீள்வட்ட ஓட்டையும் மையம் தள்ளிய வாஷருமாக, ஒரே வீலைப் பல பிசிடிகளுக்குப் பொருத்த அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. அந்த வாஷர் இல்லாமல் வெறும் நட் போட்டு முறுக்கினால் வீல் மையத்தில் உட்காராது, வேகம் கூடக்கூட ஸ்டீயரிங் நடுங்கும். கிரைஸ்லர் கம்பெனியின் பல பழைய கார்களில் இடப்பக்க ஸ்டட்கள் இடமறை. வழக்கம்போல் இடது பக்கம் சுற்றிக் கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகி ஸ்டட் முறிந்துபோகும்.

உலோகத்தைக் கண்ணால் அடையாளம் காண்பது கடினம். கிராகர் எஸ்/எஸ் என்பது அலுமினிய நடுப்பகுதியும் குரோம் பூசிய ஸ்டீல் ரிம்மும் சேர்ந்தது. ஆரம்பகால மினிலைட் மக்னீசியம். பின்னால் வந்த பல நகல்கள் அலுமினியம். மக்னீசியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.74 கிராம், அலுமினியத்துக்கு 2.70, எஃகுக்கு 7.85. கையில் தூக்கினால் வித்தியாசம் தெரியும். சந்தேகம் இருந்தால் வீலின் முதுகில் பெயின்ட் இல்லாத இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மக்னீசியம் என்றால் உடனே நுரைக்கும். அலுமினியம் சும்மா இருக்கும்.

மக்னீசியம் எடை குறைவு, ஆனால் ஈரமும் உப்பும் சேர்ந்தால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். அலுமினியத்துக்கு வேறு பிரச்சினை. எஃகில் ஓர் எல்லைக்குக் கீழே உள்ள சுமையை எத்தனை கோடி தடவை கொடுத்தாலும் விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்னச் சின்ன வளைவுகள்கூடக் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். வீல் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. ஐம்பது வருடம் ஓடிய வீலுக்கும், அதே ஜாடையில் பெட்டியிலேயே கிடந்த வீலுக்கும் மிச்சமிருக்கும் ஆயுள் ஒன்றல்ல. ஸ்போக் ரிம்மோடு சேரும் மூலையிலும் நட் ஓட்டைகளைச் சுற்றியும்தான் விரிசல் பிறக்கும். பாலிஷ் போட்டால் அது மறைந்துவிடும். அதனால் பாலிஷுக்கு முன்பே விரிசலுக்குள் ஊறி நிறம் காட்டும் சாயத்தைப் பூசிச் சோதிப்பது நல்லது.

விட்டத்திலும் ஏமாற இடமிருக்கிறது. 1970களில் மிஷ்லின் அறிமுகப்படுத்திய டிஆர்எக்ஸ் வீல்களில் 390 மி.மீ. அளவு உண்டு. பார்வைக்கு 15 அங்குலம் போலவே இருக்கும். 15 அங்குலம் என்பது 381 மி.மீ., ஆகவே 15 அங்குல டயர் இதில் உட்காராது. பழைய ரிம் சிலவற்றில் டயர் விளிம்பு உள்ளே வழுக்காமல் தடுக்கும் மேடும் இருக்காது. அதில் டியூப் இல்லாத ரேடியல் டயர் போட்டு, காற்றும் குறைந்த நிலையில் வேகமாக வளைந்தால் டயர் இருக்கையை விட்டு இறங்கிவிடும்.

இவ்வளவும் பார்த்தபின் கலப்பு எப்படி அமையும்? அகலம், ஆஃப்செட், உலோகம், வயது எல்லாம் ஒத்த இரண்டை முன்னால், மற்ற இரண்டைப் பின்னால். அகலம் வேறுபட்டால் அகலமானவை பின்னால் போகட்டும். அப்போது கார் வளைவில் முன்பக்கம் முதலில் வழுக்கும், அதைச் சமாளிப்பது சுலபம். நேர்மாறாக மாட்டினால் வால் வீசும். பக்கவாட்டில் நிற்பவர் கண்ணுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் வேறாகத் தெரியத்தான் செய்யும். ஆனால் கண்ணில் முதலில் படுவது விளிம்பின் ஆழமும் ஸ்போக்கின் நிறமும் நடுமூடியும்தான், ஸ்போக்கின் வளைவு அல்ல. பின்னால் ஆழமான விளிம்பு இருந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். நான்குக்கும் ஒரே சாம்பல் நிறமும் ஒரே நடுமூடியும் போட்டால் மிச்சத்தை வேகம் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஸ்டெப்னி. அது பெரும்பாலும் காரோடு வந்த ஸ்டீல் வீலாகவே இருக்கும். நீள்கழுத்து நட் அதில் அடிவரை இறங்கி உட்காராது, கழுத்து ஹப்பில் முட்டி நின்றுவிடும், வீல் ஆடும். முன்னுக்கு ஒரு ரகம், பின்னுக்கு ஒரு ரகம், ஸ்டெப்னிக்கு ஒரு ரகம் என்று மூன்று வகை நட் தேவைப்படும் கார்களும் உண்டு. ஸ்டீல் வீலுக்கான கூம்பு நட்டுகளையும், எல்லா ரகத்துக்கும் சேரும் ஸ்பானர்களையும் ஒரு பையில் போட்டு, எது எதற்கு என்று எழுதி, ஜாக்கோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.