மக்கட்பண்புக் கல்வியும் ஆடற்கல்வியும்

‘ஹியூமனிஸ்டிக் எஜுகேஷன்’ என்னும் தொடரைத் தமிழில் பலரும் ‘மனிதநேயக் கல்வி’ என்று எழுதிவிடுகின்றனர். ஆடற்கல்வியைப் பற்றி எழுதும்போது இந்தப் பெயர்ப்பு பெரிதும் இடறுகிறது; ஆடப் பயின்றவர் இரக்கமுள்ளவர் ஆவார் என்று நிறுவ வேண்டிய வீண்சுமை எழுதுபவர் தலையில் ஏறிவிடுகிறது.

தொடரின் வேர் ‘ஹியூமானிடாஸ்’ என்னும் இலத்தீன் சொல். எல்லோரிடமும் அன்பு காட்டுவதே அதன் பொருள் என்று மக்கள் கொள்வது பிழை என்றும், நற்கலைகளில் பயின்று தேர்தலைக் குறிக்கும் ‘பைதேயா’ என்னும் கிரேக்கச் சொல்லே அதற்கு நேரானது என்றும் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே உரோமானிய எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியுஸ் எழுதினார். நம்முடைய பிழை, ஆக, மிகப் பழைய பிழைதான்.

பைதேயாவுக்குள் ஆடல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. பாடலும் ஆடலும் ஒன்றாக நிகழும் குழுக்கலையைக் கிரேக்கர் ‘கோரெயா’ என்றனர். அதில் பயிற்சி இல்லாதவனையே கல்லாதவன் என்று பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் வரையறுக்கிறார். 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர்கள் இலக்கணம், சொற்கலை, கவிதை, வரலாறு, அறவியல் ஆகிய ஐந்தையும் மானுடப் பாடங்களாக வகுத்தபோது ஆடல் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. பின்னர் அது பல்கலைக்கழகத்துக்குள் வந்தது வேறு வழியில்: அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926இல் ஆடலைப் பட்டப்படிப்பாக்கிய மார்கரெட் எச்டப்ளர் உயிரியல் படித்தவர். மேடைக் கலைஞர் அல்லர். அவர் மாணவியரை முதலில் தரையில் படுக்கவைத்து, மூட்டுகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தாமே உணர்ந்தறியச் செய்தார்.

இன்றைய வகுப்பறைகளில் இருவர் முதுகோடு முதுகு சாய்ந்து, கைகளை ஊன்றாமல் தரையிலிருந்து எழும் பயிற்சி ஒன்று உண்டு. ஒருவர் மிகுதியாகத் தள்ளினால் மற்றவர் முன்னே சாய்வார். இருவருமே தயங்கினால் எவரும் எழ முடியாது. மற்றவர் எடையை அறிந்து தன் எடையைத் தரும் இந்தக் கணக்கை ‘நேயம்’ என்னும் சொல் சுட்டுவதில்லை; பண்பட்ட கவனம் என்பதே பொருந்தும்.

எனவே ‘ஹியூமானிடாஸ்’ என்பதற்கு வள்ளுவர் ஆண்ட ‘மக்கட்பண்பு’ என்னும் சொல்லையே நான் பரிந்துரைப்பேன். அரம்போல் கூர்மை உடையவரும் அது இல்லையேல் மரம் போன்றவர் என்று அறிவுக்கூர்மையிலிருந்து அதை அவர் பிரித்துக் காட்டுவது இங்கே துணைசெய்கிறது. ‘மானுடவியல்’ ஆந்த்ரோபாலஜிக்கு உரியதாகிவிட்டதால் அதைத் தவிர்க்கலாம். ‘டான்ஸ் எஜுகேஷன்’ என்பதற்கு ‘நடனக் கல்வி’யினும் ‘ஆடற்கல்வி’ சிறந்தது; ‘ஆடு’ என்னும் வினை, விளையாடலிலும் உரையாடலிலும் ஏற்கெனவே குடியிருக்கிறது.