நாள் தள்ளிப்போனதும் தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. நான்கு வருடமாகத் தைராய்டு மாத்திரை எடுக்கும் பெண், ஒன்பதாவது வாரத்தில் முதல் செக்கப்புக்கு வந்தார். டிஎஸ்ஹெச் 14. தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய ரத்தப் பரிசோதனையில் ஏறும் அளவு இது. “மாத்திரை போடுறீங்களாம்மா?” என்று கேட்டேன். “நாள் தள்ளிப்போனதுமே நிறுத்திட்டேன் டாக்டர். வயித்துல குழந்தை இருக்கும்போது மாத்திரையே சாப்பிடக்கூடாதுன்னு அத்தை சொன்னாங்க.”

அத்தை அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் போன ஐந்து வாரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்சின், வலி மாத்திரை போலவோ ஆன்டிபயாடிக் போலவோ உடம்புக்குப் புதிதான மருந்து இல்லை. உங்கள் கழுத்துச் சுரப்பி சுரக்க வேண்டிய அதே ஹார்மோன். சுரப்பி போதுமான அளவு தரவில்லை, மாத்திரையாகக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். குழந்தையின் சுரப்பி 12 வார வாக்கில்தான் வேலையைத் தொடங்கும். தன் தேவைக்குச் சுரக்க 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் ஹார்மோன்தான் கதி. குறைந்தால் கருச்சிதைவு அபாயமும் கூடும். “குழந்தைக்காகத்தான் நிறுத்தினேன்” என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகிறது. அம்மா, குழந்தைக்காகத்தான் அதைப் போடச் சொல்கிறோம்!

நிறுத்தக் கூடாது என்பதோடு முடியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு டோஸை 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும். கார்டு டெஸ்ட்டில் இரண்டு கோடு தெரிந்த அதே வாரம் டாக்டரைப் பாருங்கள். ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். பாதிக் கர்ப்பம் வரை 4 வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். மாத்திரை எடுப்பவர்களுக்கு அது 2.5-க்குள் இருப்பது நல்லது. ரிப்போர்ட்டில் 4-க்கு எதிரே ‘நார்மல்’ என்று இருக்கலாம். அந்த அளவு பொதுவானவர்களுக்கு, மாத்திரை எடுக்கும் கர்ப்பிணிக்கு இல்லை.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்குத் தைராக்சின் எழுதும்போதே, ‘கர்ப்பமானால் நிறுத்தாமல் உடனே வரவும்’ என்று சீட்டில் தமிழில் எழுதிவிடுங்கள்.

வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபி அரை மணி நேரமாவது கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளிப் போட்டால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது.

மசக்கையில் காலையில் எதைப் போட்டாலும் வாந்தி வருகிறதா? சொல்லுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள்.