புள்ளியை எண்ணாதீர்கள், வாசலை அளந்து பாருங்கள்

போன வாரம் பினாங்கில் இருக்கும் என் கேமரா பழுதுக் கடைக்கு வந்தது, இந்த வருடத்தில் பதினோராவது '64 மெகாபிக்சல்' மலிவு கேமரா. பழுது பார்க்கும் மேசையின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணி வருகிறேன், அதனால் சரியாகவே தெரியும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்திருந்தார் அந்த அக்கா. கைப்பையிலிருந்து, பழைய சேலைத் துணியில் சுற்றிய கேமராவை எடுத்து மேசையில் வைத்தார். "64 மெகாபிக்சல் அண்ணே. 4கே வீடியோ, 18 மடங்கு சூம். தைப்பூசத்துக்குன்னே வாங்கினேன். படம் தெளிவா விழ மாட்டேங்குது. லென்ஸ் மட்டும் மாத்திக் கொடுங்க."

ஆன்லைனில் 379 ரிங்கிட்டாம். பெட்டியில் தங்க எழுத்தில் பெரிதாக '64' என்று போட்டிருந்தது. 78 வயது அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, விடியற்காலையில் வெள்ளி ரதம் புறப்படும்போது எடுத்த நாற்பது படங்களைத் திரையில் காட்டினார். ரதத்தின் விளக்கெல்லாம் மஞ்சள் தீற்றல். அம்மாவின் முகம் மெழுகில் செய்து வெயிலில் வைத்தது மாதிரி இருந்தது. நாற்பதில் ஒன்றுகூடத் தேறவில்லை.

"பழுது எங்கே அண்ணே?"

"பழுதே இல்லை அக்கா. இது பிறந்ததே இப்படித்தான்."

நம்பவில்லை. அவர் கண் முன்னாலேயே நான்கு திருகாணியைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே பச்சைப் பயறு அளவில் ஒரு சென்சர், வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குவது அதுதான். அதன் மேல் பசை போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் லென்ஸ். ஃபோகஸ் செய்ய மோட்டார் கிடையாது. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும் என்று அடியில் ஓர் இரும்புத் தகடு, அவ்வளவுதான். வெளியே லென்ஸைச் சுற்றி இருந்த பெரிய கண்ணாடி வளையம் வெறும் அலங்காரம். அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. எனக்குக் கோபம் அந்த '64' மேல்.

மெகாபிக்சல் என்றால் படத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு. பத்து லட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல். அது தெளிவின் அளவு இல்லை, தரத்தின் அளவும் இல்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு இதை நான் கோலத்தை வைத்துத்தான் சொல்வேன். வாசல்தான் சென்சர், புள்ளிதான் பிக்சல். பெரிய வாசலில் தாராளமாக இடம் விட்டுப் புள்ளி வைத்தால் கோலம் விழும். ஃபிளாட் கதவுக்கு வெளியே இருக்கும் ஒரு முழ இடத்தில் அதே எண்ணிக்கையில் புள்ளி வைத்தால் மாவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெறும் வெள்ளைத் திட்டுத்தான் மிஞ்சும். கேமராவில் அந்த இட நெருக்கடி என்பது வெளிச்ச நெருக்கடி. சின்னப் புள்ளிக்குக் கிடைப்பது சின்ன வெளிச்சம். பகலில் சமாளித்துவிடும். மண்டபத்தில், கோவிலில், ராத்திரிச் சாப்பாட்டுக் கடையில் வண்டவாளம் தெரிந்துவிடும்.

இதுவாவது பரவாயில்லை. நான் திறந்து பார்த்த இந்த ரக மலிவு கேமராக்களில் 64 மெகாபிக்சல் சென்சரே இல்லை. இருப்பது எட்டோ பதின்மூன்றோதான். மீதியை உள்ளே இருக்கும் மென்பொருள் இரண்டு புள்ளிக்கு நடுவில் தானாகக் கற்பனை செய்து நிரப்புகிறது. கால் லிட்டர் பாலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி 'ஒன்றேகால் லிட்டர் பால்' என்று விற்பதற்குப் பெயர் என்னவோ, இதற்கும் அதே பெயர்தான்.

சரி, நமக்கு எத்தனை புள்ளி வேண்டும்? ஆல்பத்தில் ஒட்டும் 4க்கு 6 அங்குலப் படத்தை நன்றாக அச்சடிக்க இரண்டு மெகாபிக்சலும் கொஞ்சமும் போதும். ஏ4 தாள் அளவுக்குப் பெரிதாக்க ஒன்பது இருந்தால் தாராளம். 4கே வீடியோவின் ஒரு ஃபிரேம் எட்டேகால் மெகாபிக்சல்தான். 2015-இல் வந்த ஐபோன் 6எஸ்ஸிலிருந்து 2022-இன் ஐபோன் 14 வரை அதன் பிரதான கேமரா 12 மெகாபிக்சல். தொழில்முறை வீடியோக்காரர்கள் இருட்டில் படமெடுக்கத் தேடி வாங்கும் சோனி ஏ7எஸ் 3-க்கும் 12தான். அதன் விலைக்கு இந்த அக்கா வாங்கிய மாதிரி டஜன் கணக்கில் வாங்கலாம். இத்தனையும் சொன்ன பிறகும், போன மாதம் ஒரு தம்பி கேட்டான்: "அப்போ 64 இருந்தா இன்னும் நல்லதுதானே அங்கிள்?" நான் எழுந்து தே ஓ குடிக்கப் போய்விட்டேன்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சென்சர் அளவு என்ன? கைக்கு அடக்கமான சாதாரண காம்பாக்ட் கேமராவில் 1/2.3 அங்குலம் என்று இருக்கும். அதாவது சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். நல்ல காம்பாக்ட்டில் 1 அங்குலம் என்று இருக்கும். அது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு மொச்சை. பரப்பளவில் நான்கு மடங்கு. (13 மில்லிமீட்டர் எப்படி ஓர் அங்குலம் ஆகும் என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். பழைய டிவி கேமராக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து வந்த பெயர் அது. தொழிலில் இப்படிப் பல பொய்களோடு வாழப் பழகிவிட்டோம்.) பெட்டியில் சென்சர் அளவே போடவில்லை, விற்பவருக்கும் தெரியவில்லை என்றால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். சூம் பொத்தானை அழுத்தும்போது மூக்கு வெளியே நீளுகிறதா என்று பாருங்கள். திரையில் மட்டும் படம் பெரிதாகி, லென்ஸ் அசையாமல் இருந்தால் அது டிஜிட்டல் சூம். படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது, போனில் இரண்டு விரலால் நீங்களே செய்வதுதான். ஓஎம் சிஸ்டம் டிஜி-7 மாதிரி நீர்புகாத கேமராக்களில் மட்டும் லென்ஸ் உள்ளுக்குள்ளேயே நகரும், அதற்கு விதிவிலக்கு உண்டு. அப்புறம், ஏதாவது ஒரு பிஸ்கட் டின்னின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படமெடுங்கள். ஒரு முறை கேமரா சொல்லும் அதிகபட்ச மெகாபிக்சலில், இன்னொரு முறை மெனுவில் எட்டுக்குக் குறைத்து. இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். அதிகமானதில் ஓர் எழுத்துகூடக் கூடுதலாகத் தெரியவில்லை என்றால் தண்ணீர் ஊற்றிய பால். என் மேசையில் திருகாணி போட்டு வைக்கும் டின் இதற்காகவே உழைத்துத் தேய்ந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேமரா விற்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும். உங்கள் கையில் கடந்த சில வருடங்களில் வந்த நல்ல போன் இருந்தால், 1/2.3 அங்குல காம்பாக்ட் வாங்கவே வேண்டாம். விலையுயர்ந்த போன்கள் பலவற்றின் பிரதான சென்சர் இப்போது 1/1.3 அங்குலம் அளவுக்கு வந்துவிட்டது, அது இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிது. தூரத்தில் இருப்பதை ஆப்டிகல் சூமில், அதாவது லென்ஸே நகரும் சூமில், எடுக்க வேண்டும், பிள்ளைக்குப் போன் கொடுக்க மனமில்லை, கடற்கரையில் தண்ணீரில் நனைய வேண்டும் என்று குறிப்பான காரணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஓர் அங்குலத்துக்குப் போவதானால் எதற்கு என்று யோசியுங்கள். குடும்பப் படமும் கொஞ்சம் வீடியோவும் என்றால் 2019-இல் வந்த கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3 இன்னும் நல்ல கேமராதான். வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் எஃப் 1.8 லென்ஸ், மைக் செருக ஓட்டை, மேலே திரும்பும் திரை எல்லாம் உண்டு. நம் பிள்ளைகள் அதை இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், அதனால் விலையும் ஏறிக் கிடக்கிறது. புதிய விலைக்கு மேல் கொடுத்துப் பழையது வாங்காதீர்கள். உட்கார்ந்து பேசி வீடியோ எடுப்பவருக்கு சோனி இசட்வி-1 பொருந்தும். நடந்துகொண்டே எடுப்பவர், பாலதண்டாயுதபாணி கோவில் படியேறிக்கொண்டே எடுப்பவர், டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 பக்கம் பாருங்கள். அதிலும் ஓர் அங்குல சென்சர்தான், ஆனால் லென்ஸே மூன்று அச்சில் தானாக ஆடி நடுக்கத்தை வாங்கிக்கொள்கிறது. ரிக்கோ ஜிஆர் 3 அருமையான கேமரா, சட்டைப் பையில் போகும், சென்சர் இன்னும் பெரிது. ஆனால் சூம் கிடையாது, 4கே கிடையாது, ஃபிளாஷும் கிடையாது. மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு அதை வாங்கிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து திண்டாடிய அப்பாவை எனக்குத் தெரியும்.

வீடியோவில் எல்லோரும் 4கேயைக் கேட்கிறார்கள், நடுக்கத்தைக் கேட்பதில்லை. 'ஸ்டெபிலைசேஷன் உண்டு' (நடுக்கத்தைக் குறைக்கும் வசதி) என்று போட்டிருந்தால் ஆப்டிகலா, எலக்ட்ரானிக்கா என்று கேளுங்கள். எலக்ட்ரானிக் என்றால் படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு நேராக்குகிறது. கையை நீட்டித் தன்னையே எடுப்பவர்களுக்குத் திரை முழுக்க மூக்குதான் தெரியும்.

இப்போது 'சிசிடி' என்ற பழைய வகை சென்சர் மேல் மோகம். 2000-களின் பழைய கேமராவில் வண்ணம் தனி அழகு என்று பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. அந்த அழகில் பெரும்பங்கு முகத்துக்கு நேரே அடிக்கும் ஃபிளாஷும் அந்தக் காலத்து மென்பொருளும்தான் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. வாங்குங்கள், ஆனால் காசு கொடுக்கும் முன் மெமரி கார்டு எந்த வகை என்று பாருங்கள். எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் எல்லாம் இப்போது பெரும்பாலும் பழைய பொருளாகத்தான் கிடைக்கும். எஸ்டி கார்டு போடுகிற பழைய கேமராக்களிலும் பல 2 ஜிபிக்கு மேல் படிக்காது. பேட்டரியின் வயிறு உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். லென்ஸில் போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. வாங்காதீர்கள். "துடைத்தால் போய்விடும்" என்பார்கள். வெளிக் கண்ணாடி என்றால் போகும், உள்ளே என்றால் என்னிடம்தான் வர வேண்டும். கேமராவின் விலையைவிட என் கூலி அதிகமாகும்.

பூஞ்சை என்றதும் பினாங்கு ஞாபகம் வராமல் இருக்குமா? நம் ஊர் ஈரக் காற்றில் கேமராவைத் தோல் உறைக்குள் போட்டுத் துணி அலமாரியில் வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது. பக்கத்தில் அந்துருண்டை போடாதீர்கள். அரிசி டின்னுக்குள் புதைக்காதீர்கள், தூசிதான் உள்ளே போகும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள் அம்மா, தயவு செய்து.

ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனித்தால் பதறாதீர்கள், பனி போகும்வரை ஆன் செய்யாமல் விடுங்கள். கடற்கரை மணலில் மூக்கு நீட்டும் கேமராவை வைக்காதீர்கள். சிக்கிக்கொண்ட மூக்கைக் கையால் தள்ளாதீர்கள், உள்ளே பல்சக்கரம் பிளாஸ்டிக். வெள்ளி ரதத்தின் முன் தேங்காய் உடைக்கும் இடத்தில் கேமராவோடு நிற்பவர்களே, தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை இருக்கிறது! ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் மறுநாள் மூன்று நான்கு கேமரா பாகு காய்ந்த மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

கார்டு பற்றி ஒரே வரி: 25 ரிங்கிட்டுக்கு 512 ஜிபி கிடையாது, கிடையவே கிடையாது. அதில் 512 என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது நிறைந்ததும் அடுத்து எடுப்பதெல்லாம் காணாமல் போகும். 4கே எடுக்க வி30 என்ற வேகக் குறி போட்ட கார்டு வாங்கி, முதல் நாளே கணினியில் முழுக்க நிரப்பிச் சோதித்துப் பாருங்கள்.

கடையில் 'ஏபி செட்' என்றால் அதிகாரப்பூர்வ முகவர் வழியாக வராதது. விலை குறைவு, ஆனால் உத்தரவாதம் அந்தக் கடை உயிரோடு இருக்கும்வரைதான். தெரிந்து வாங்கினால் தப்பில்லை. ரசீதில் மாடலையும் 'ஏபி' என்பதையும் எழுதி வாங்குங்கள். உள்நாட்டு விற்பனையாளர் ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீதும் விளம்பரத்தின் படமும் கையில் இருக்க வேண்டும். அந்த அக்காவிடம் இரண்டுமே இல்லை. விற்றவரின் பக்கமும் அதற்குள் மாயமாகிவிட்டது.

கேமராவைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. ரதத்தின் முன் அம்மா உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று அவருடைய பழைய போனில் இருந்தது. பின்னால் நின்ற தம்பி மகன் அவசரத்தில் எடுத்ததாம், கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கி, 4க்கு 6 அளவில் இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தேன்.