கிரேவிங்: ஆசையா, ஏக்கமா, வேட்கையா?

போதைப் பழக்கத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் தவறாமல் முட்டிக்கொள்ளும் சொல் கிரேவிங். ஒருவர் ஆசை என்கிறார், இன்னொருவர் ஏக்கம் என்கிறார், காட்டமாக எழுத நினைப்பவர் வெறி என்கிறார். 'தீராத தாகம்' என்று கவிதை எழுதுகிறவர்களும் உண்டு. எதையும் முழுத் தப்பு என்று தள்ள முடியாது. ஆனால் மூளை ஆய்வாளர்கள் அந்தச் சொல்லால் சுட்டுகிற சங்கதி இவற்றில் எதிலும் முழுசாகப் பிடிபடவில்லை. என் ஓட்டு வேட்கைக்கு.

ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் கிராஃபியன். ஆசைப்படுவது என்ற பொருள் அன்றைக்கு அதற்குக் கிடையாது. 'எனக்கு உரியது, கொடு' என்று கோருவதுதான் அதன் பொருள். அது மெல்லக் கெஞ்சிக் கேட்பதாகி, அப்புறம் உள்ளுக்குள் தவிப்பதாகிவிட்டது. காவிரிக் கரைக்காரர்களுக்கு அந்த முதல் பொருள் நன்றாகவே தெரியும். காலையில் காபி தாமதமானால் கும்பகோணத்தில் யாரும் 'காபிமேல் ஆசையாக இருக்கிறது' என்று சொல்வதில்லை. 'உடம்பு கேக்குது' என்பார்கள். புகையிலை போடுகிறவர் 'வாய் தேடுது' என்பார், இல்லையென்றால் 'நமநமங்குது' என்பார். இந்த வாக்கியங்களில் எழுவாய் யார் என்று பாருங்கள். கேட்பதும் தேடுவதும் ஆள் இல்லை, உடம்பும் வாயும்தான். ஆள் நடுவில் மாட்டிக்கொண்டவர்.

இது வெறும் பேச்சு வழக்கு என்று ஒதுக்க முடியாது. 2007இல் நாஸிர் நக்வி, ஆன்டொயின் பெஷாரா முதலியோர் பக்கவாதத்தால் மூளை பாதிக்கப்பட்ட புகைபிடிப்பாளர்களை ஆராய்ந்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். இன்சுலா என்ற பகுதி சேதமடைந்த சிலர் சிகரெட்டைச் சட்டென்று, சிரமமே இல்லாமல் விட்டிருந்தார்கள். உடம்பின் உள் உணர்வுகளை மூளைக்குப் புரியவைக்கும் பகுதி இன்சுலா. நாளுக்கு 40 சிகரெட்டுக்கு மேல் பிடித்துவந்த ஒருவர், புகைபிடிக்கும் உந்தலை என் உடம்பே மறந்துவிட்டது என்றார். 'உடம்பு கேக்குது' என்பதன் மறுபக்கம் இது.

கூடவே வரும் அடிக்ட் என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். பழைய ரோமச் சட்டத்தில் கடனைத் திருப்பித் தர முடியாதவனை நீதிபதி கடன் கொடுத்தவனிடமே ஒப்படைத்துவிடுவார். அப்படி ஒப்படைக்கப்பட்டவனுக்கு அடிக்டஸ் என்று பெயர். 'போதைக்கு அடிமை' என்று தமிழில் சொல்வது யாரோ ஓசை பார்த்துப் போட்ட மொழிபெயர்ப்பு அல்ல, பொருளே அதுதான். கடனில் கட்டுண்டு பண்ணையாளாகக் கிடந்த தலைமுறைகளைத் தஞ்சை மாவட்டம் கண்டிருக்கிறது. அவர்களுக்காகவே 1952இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனாலும் நோயாளியை முகத்துக்கு நேரே அடிமை என்று கூப்பிடுவதை இன்று மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

சரி, வேட்கை ஆய்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் போதைப்பொருளான கோகெயினுக்கு வருவோம். டெல்டாவில் இது செய்தித்தாளில் மட்டும் வரும் சரக்கு. இங்கே குடும்பங்களை அழிப்பவை சாராயமும் கஞ்சாவும் புகையிலையும்தான். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் மென்றுவந்த கோக்கா இலையிலிருந்து 1860இல் ஆல்பர்ட் நீமன் என்ற ஜெர்மானியர் அந்த வெள்ளைப் பொருளைத் தனியே பிரித்துக் கோகெயின் என்று பெயர் வைத்தார். வேட்கையை ஆராய்கிறவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அது வேலை செய்யும் விதம் ஓரளவு துலக்கமாகத் தெரியும். ஒரு நரம்புச் செல் டோபமின் என்ற வேதிப்பொருளை வெளியே விட்டால், வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. கோகெயின் போய் அந்தப் புரதத்தை அடைத்துக்கொள்கிறது. வடிகால் அடைபட்ட வயலில் தண்ணீர் நிற்கிற மாதிரி டோபமின் வெளியிலேயே தேங்கி நிற்கும். கிறக்கம் சீக்கிரம் ஏறும், சீக்கிரமே இறங்கும், இறங்கியதும் இன்னொரு தடவை கேட்கும்.

டோபமின் என்றாலே இன்பம் என்று எழுதுவது இன்னும் நிற்கவில்லை. 1954இல் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளையில் மின்கம்பி வைத்தார்கள். மின்சாரம் பாயவேண்டும் என்று எலி தானே நெம்புகோலைத் திரும்பத் திரும்ப அழுத்தியது. உடனே மூளையில் 'இன்ப மையம்' கண்டுபிடித்தாயிற்று என்று பேச்சு கிளம்பியது, பிற்பாடு டோபமினும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அந்தக் கணக்கைக் கலைத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். டோபமினை ஏறக்குறைய முழுவதும் ஒழித்துவிட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவே இல்லை. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் நாக்கைச் சப்புக்கொட்டி ரசித்தன. அதாவது ருசிப்பது வேறு, தேடுவது வேறு. டோபமின் இரண்டாவதோடு சேர்ந்தது. பெரிட்ஜும் டெரி ராபின்சனும் 1993இல் இதைப் போதைக்குப் பொருத்திக் காட்டினார்கள். போதைப்பொருளை எடுக்க எடுக்கத் தேடல் கூர்மையாகிக்கொண்டே போகும், ரசிப்பு அந்த அளவுக்கு வளராது, குறையவும் செய்யலாம். பிடிக்காமலே வேண்டியிருக்கிற நிலை அது. சூதாடியைப் பற்றி வள்ளுவர் 'இழத்தொறூஉம் காதலிக்கும்' என்றாரே, ஏறக்குறைய அதே ஆள்தான்.

ஆசை இங்கேதான் உதவாமல் போகிறது. ஆசைக்குள் 'பிடிக்கும்' என்பது ஒளிந்திருக்கிறது. ஏக்கத்தில் வேறு கோளாறு. கிடைக்காததை நினைத்து உட்கார்ந்த இடத்தில் பெருமூச்சு விடுவது ஏக்கம். கிரேவிங் வந்தவன் உட்காரமாட்டான், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

வேட்கையின் வேர் வேள். வேட்டல், வேட்பு, வேள்வி எல்லாம் அந்தக் குடும்பம். தேர்தல் சுவரில் சிரிக்கும் வேட்பாளரும் இதே குடும்பத்தில் பிறந்தவர்தான், பெயர் வைத்தவர் விஷயம் தெரிந்தவர்! சித்த மருத்துவத்தில் அடங்காத தாகத்துக்கு நீர்வேட்கை என்று பெயர். ஆக, உடம்பின் கேட்பு இந்தச் சொல்லுக்குள் முதலிலிருந்தே இருக்கிறது. குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்து நகரமுடியாமல் நகரும் மேகத்தை 'பசும்புளி வேட்கைக் கடுஞ்சூல் மகளிர்' போல என்கிறார். நிறைமாதப் பெண்களின் பச்சைப் புளிக்கான வேட்கை. எந்தப் பொருள் என்று குறிப்பாகச் சுட்டி, அதைத் தவிர வேறெதற்கும் அடங்காத கேட்பு. மசக்கைக்காரி யாருக்கும் தெரியாமல் அடுப்புச் சாம்பலை அள்ளித் தின்கிறாள் என்றால், சாம்பல் ருசியாக இருக்கிறது என்பதா காரணம்?

மன்னார்குடிப் பக்கம் எனக்கு ஒரு பெரியப்பா. டாக்டர் மிரட்டி, வெற்றிலை புகையிலையை அடியோடு விட்டவர். விட்டுப் பல வருடம் ஆகியும், வீட்டுக்கு வந்த யாராவது வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தால், அந்தப் பித்தளை மூடியின் சத்தத்துக்கு அவர் இடது உள்ளங்கை தானாக விரியும். வலது ஆள்காட்டி விரல் அதில் எதையோ தடவ ஆரம்பிக்கும். இல்லாத வெற்றிலைக்கு இல்லாத சுண்ணாம்பு. பேச்சு பாட்டுக்கு உரத் தட்டுப்பாடு, மேட்டூர்த் தண்ணீர் என்று ஓடிக்கொண்டிருக்கும். பெரியம்மா 'என்ன, கை தேடுதா?' என்று கேட்டால்தான் அவருக்கே தெரியும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அன்னா ரோஸ் சைல்ட்ரெஸ் இந்தத் 'தானாக' என்பதைத்தான் அளந்தார். 1999இல் வெளியான ஆய்வில், கோகெயினை நிறுத்தியிருந்த ஆண்களுக்கு அதைப் பற்றிய வீடியோவைப் போட்டுக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். வேட்கை எழுந்தபோது அமிக்டலா முதலிய உணர்ச்சிப் பகுதிகளில் இரத்த ஓட்டம் கூடியது. 2008இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கோகெயின் தொடர்பான படங்களை 33 மில்லிநொடி மட்டும் காட்டி, உடனே வேறு படத்தால் மறைத்துவிட்டார்கள். பார்த்தவர்களுக்குத் தாம் எதைப் பார்த்தோம் என்றே தெரியாது. ஆனாலும் அதே பகுதிகள் விழித்துக்கொண்டன. ஸ்விட்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இதற்கு அடித்தளம். பழக்கிய பிறகு, டோபமின் செல்கள் பழச்சாறு வாயில் விழும்போது துடிப்பதில்லை, அது வரப்போகிறது என்று காட்டும் விளக்கு எரியும்போதே துடித்துவிடும்.

தொல்காப்பியம் களவியலில் காதல்வயப்பட்டவரின் நிலைகளை வரிசையாகச் சொல்லும் நூற்பா 'வேட்கை' என்றுதான் தொடங்குகிறது. கொஞ்ச தூரம் தள்ளி 'நோக்குவ எல்லாம் அவையே போறல்' என்று வருகிறது. பார்ப்பதெல்லாம் அதுவாகவே தோன்றுவது. அது காதலைச் சொன்னது, போதையை அல்ல. ஆனாலும் குடியை நிறுத்தியவருக்குக் காலி பாட்டிலும் சோடாக் கடையும் சாயங்காலம் ஆறு மணியும் எப்படித் தெரியும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. இப்படி எதையோ பார்த்ததும் கேட்டதும் கிளம்புகிற வகைக்குத் 'தூண்டல் வேட்கை' என்று பெயர் வைக்கலாம்.

இன்னொரு கலைச்சொல்லும் வழியில் நிற்கிறது. 2001இல் ஜெஃப்ரி கிரிம், யாவின் ஷஹாம் முதலியோர் 'நேச்சர்' இதழில் எழுதியது: கோகெயினுக்குப் பழகிய எலிகளிடமிருந்து அதைப் பறித்துவிட்டால், கோகெயினை நினைவூட்டும் தூண்டலைக் கண்டு அவை நெம்புகோலை அழுத்துவது நாளாக ஆகக் குறையவில்லை. இரண்டு மாதம் வரை ஏறிக்கொண்டே போனது. இதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட இன்குபேஷன் என்ற சொல்லை அப்படியே பெயர்த்தால் 'அடைகாத்தல்' என்று வரும். எனக்கு அது ஒட்டவில்லை, முட்டையும் கோழியும் நினைவுக்கு வந்து தொலைக்கின்றன. கள்ளச்சாராயக்காரர்கள் பானையில் போட்டுப் புதைத்து வைப்பதை ஊறல் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து காரம் ஏறுவது. 'வேட்கை ஊறல்' என்றால் எங்கள் பக்கம் விளக்கமே தேவைப்படாது. நாசூக்கு வேண்டுமென்றால் 'வேட்கை முதிர்வு'.

மனிதர்களிடமும் இது உண்டு என்று 2016இல் முஹம்மத் பர்வாஸ் குழுவினர் காட்டினார்கள். கோகெயினை விட்டவர்களுக்கு அதன் படங்களைக் காட்டி மூளை மின்னலையை எடுத்தார்கள். விட்ட இரண்டாம் நாளில் இருந்ததைவிட ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் அலை பெரிதாக இருந்தது, ஒரு வருடத்தில்தான் தணிந்தது. அதே ஆட்களை வாயால் கேட்டபோது, வேண்டும் என்ற எண்ணம் குறைந்துகொண்டே வருவதாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆகவே மருத்துவர் எந்தச் சொல்லால் கேட்கிறார் என்பது சாதாரண விஷயம் இல்லை. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, போதைச் சிக்கலைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாகக் கிரேவிங்கைப் புதிதாகச் சேர்த்தது. அதைத் தமிழாக்கி 'குடிக்க ஆசை வருதா?' என்று கேட்டால், 'ஐயோ, அந்தச் சனியன்மேல என்னங்க ஆசை' என்றுதான் பதில் வரும். அது உண்மையான பதிலும்கூட. எழுத்தில் போதை வேட்கை, கோகெயின் வேட்கை என்று இருக்கட்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் 'உடம்பு கேக்குதா? எந்த இடத்துக்குப் போனா கேக்குது, யாரைப் பார்த்தா கேக்குது?' என்று கேட்டால் போதும். இடத்தையும் நேரத்தையும் ஆளையும் அவரே வரிசையாகச் சொல்லிவிடுவார்.