ரேஸ்ல விழுந்தவன் எந்திரிக்கிறான், ரோட்ல விழுந்தவன் ஏன் எந்திரிக்கிறதில்ல?

எமர்ஜென்சில கட்டுப் போட்டு படுத்திருக்குற பசங்களுக்கு அட்வைஸ் பண்ணா அடிக்கடி வர்ற பதில் ஒண்ணு இருக்கு, "மோட்டோஜிபி பைக் ரேஸ்ல இருநூறுல விழுறாங்க டாக்டர், உருண்டு போய் எந்திரிச்சு பைக்கைத் தேடி ஓடுறாங்க, நான் எழுபதுலதான் போனேன்". அவன் சொல்றது பொய் இல்ல, நானும் அந்த ரேஸைப் பாக்குறவன்தான். ஆனா அவன் டிவில பாக்குறது மூடின டிராக், அவன் ஓட்டுறது ஊரு ரோடு. ஊரு ரோட்டுலயே ரேஸ் விட்டா என்ன ஆகும்னு ஸ்பெயின்ல இருக்குற பார்சிலோனா பல வருஷம் பாத்துச்சு.

அங்க மோன்ஜுயிக்னு ஒரு மலை, ஊருக்குள்ளயே இருக்கு, 1992 ஒலிம்பிக்ஸ் ஸ்டேடியம் இருக்குற அதே மலை. அந்த ரோட்டை அடைச்சு 1955லேர்ந்து பைக்குக்கு 24 மணி நேர ரேஸ் நடத்துனாங்க. ஒரு சுத்து 3.8 கிமீ கூட வராது, ஏத்தம் இறக்கம், ஓரத்துல மரம், கம்பம், சுவரு, ராத்திரியும் நிக்காது, ஒரு வண்டியை ஆள் மாத்தி ஆள் ஓட்டுவாங்க. டுகாட்டிங்கிற பைக் கம்பெனி தன்னோட ஒரு பைக்குக்கே அந்த மலை பேரை வச்சுது, அவ்ளோ மவுசு. 1986ல மிங்கோ பாரெஸ்ங்கிற ரைடர் அந்த ரேஸ் விபத்துல இறந்துட்டார், அதோட சரி, அதுக்கப்புறம் அந்த மலை ரோட்டுல 24 மணி நேர ரேஸ் நடக்கல.

எனக்கு இதுல உறுத்துறது 1986 இல்ல, 1975. அந்த வருஷம் அதே ரோட்டுல ஃபார்முலா ஒன் கார் ரேஸ் நடந்துச்சு. கார்ட்ரெயில் (ரோட்டோரத் தடுப்புத் தகடு) போல்ட்டெல்லாம் சரியா முடுக்கலன்னு டிரைவருங்க வண்டி எடுக்க மாட்டோம்னு உக்காந்துட்டாங்க, கடைசில டீம் மெக்கானிக்குங்களே ஸ்பானரோட போய் முடுக்குனாங்க, அப்பவும் எமர்சன் ஃபிட்டிபால்டி ஒத்துக்காம விலகிட்டார். ரேஸ்ல ரோல்ஃப் ஸ்டோமெலன் காரோட பின் விங் (காரைத் தரையோட அழுத்திப் பிடிக்கிற இறக்கை) உடைஞ்சு கார் தடுப்பைத் தாண்டிப் பறந்துச்சு, ஓரமா நின்னவங்க செத்துப் போனாங்க. ஃபார்முலா ஒன் அந்த மலைக்குத் திரும்பவே இல்ல. ஆனா பைக் ரேஸ் மட்டும் இன்னும் 11 வருஷம் ஓடுச்சு, அதே ரோட்டுல! காருக்கே ஆகாத ரோடு பைக்குக்கு மட்டும் எப்படி ஆகும்னு எனக்கு இன்னும் புரியல, இத்தனைக்கும் கார்ல போறவனைக் காப்பாத்துறதுக்குன்னு நட்ட தகடும் தூணும்தான் பைக்லேர்ந்து சறுக்கி வர்றவனை வெட்டுறது.

விழுறது ஆளைக் கொல்றது கம்மிதான், விழுந்தப்புறம் எது மேல போய் மோதி நிக்கிறோம்ங்கிறதுதான் கொல்லுது. டிராக்ல விழுந்தவன் புல்லு, ஜல்லின்னு நெடுந்தூரம் சறுக்குறான், வேகம் கொஞ்சம் கொஞ்சமா செத்துப் போகுது, உடம்புல லெதர் சூட், அதுக்குள்ள ஏர்பேக் (மோட்டோஜிபில 2018லேர்ந்து அது கட்டாயம்). அங்கயும் சாவு இல்லாம இல்ல. 2010ல டோமிசாவா, 2011ல சிமொன்செல்லி, ரெண்டு ரைடரும் விழுந்ததுல சாகல, பின்னாடி வந்த பைக் அவங்க மேல ஏறுனதுலதான். சரி, இப்ப நம்ம ரோட்டுல பின்னாடி என்ன வருது? லாரி.

மணிக்கு 60 கிமீல போய் ஒரு தூண்ல நேரா மோதுறது 14 மீட்டர் உயரத்துலேர்ந்து விழுறதுக்குச் சமம், அதாவது நாலு மாடிக்கு மேல. இது வெறும் பிசிக்ஸ் கணக்கு. உடம்பு நின்னுடும், உள்ள இருக்குற கல்லீரல், மண்ணீரல், பெரிய ரத்தக்குழாய் எல்லாம் அதே வேகத்துல முன்னாடி போகப் பாக்கும். வெளிய ரத்தமே இல்லாம பேசிட்டே வந்து, அரை மணி நேரத்துல பிபி இறங்குற கேஸெல்லாம் இந்த வகைதான், கூட வந்தவங்களுக்கு சொல்லிப் புரிய வைக்கவே முடியாது, நல்லாத்தானே பேசுனான்னு கேப்பாங்க.

இன்னொண்ணு யாரும் பேசுறதில்ல. தோள்பட்டை போய் அடிச்சு, தலை எதிர்ப்பக்கம் போனா, கழுத்துலேர்ந்து கைக்கு வர்ற நரம்பு வேரோட பிடுங்கிக்கும். கை பாக்க முழுசா இருக்கும், சில நேரம் கீறல் கூட இருக்காது. விரலை மடக்குப்பான்னா மடங்காது, இன்னொரு கையால அந்தக் கையைத் தூக்கி மடியில வச்சுக்குவான், ஏதோ அடுத்தவன் பொருள் மாதிரி. இருபது வயசுல. ஆபரேஷன் பண்ணாலும் பழைய கை முழுசா திரும்பாது.

அப்புறம் இந்த 24 மணி நேர சமாச்சாரம். மோன்ஜுயிக்லயாவது ஒருத்தன் இறங்கி இன்னொருத்தன் ஏறுனான். இங்க சில பசங்க ஒத்தை ஆளா 24 மணி நேரத்துல 1,600 கிமீ ஓட்டிட்டு ஸ்டேட்டஸ் போடுறாங்க, அதுவும் எதிர்ல மாடும் மினி பஸ்ஸும் வர்ற ஹைவேல. 17 மணி நேரம் தூங்காம இருந்தாலே மூளை வேலை செய்ற விதம் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்குறதுக்கு சமமாயிடும்னு ஆய்வுல பாத்திருக்காங்க, நம்ம நாட்டுல சட்டம் அனுமதிக்கிற அளவு 0.03 தான். 80ல போறப்ப மூணு செகண்ட் கண்ணு செருகுனா 67 மீட்டர் போயிடுவோம். டீயோ எனர்ஜி டிரிங்கோ இதை நிறுத்தாது, ஓரமா நிறுத்திட்டு இருபது நிமிஷம் படுக்குறதுதான் ஓரளவு வேலை செய்யும். விடியக்காலை மூணு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் வண்டியே எடுக்காதீங்கன்னு என்கிட்ட வர்ற ரைடிங் குரூப் பசங்ககிட்ட சொல்லிட்டே இருக்கேன், பாதிப்பேர் கேக்குறாங்க.

ஹெல்மெட் சாவை 42 சதவீதம் குறைக்கும், தலைக்காயத்தை 69 சதவீதம் குறைக்கும், உலகம் பூரா நடந்த ஆய்வுகளைச் சேத்து வந்த கணக்கு. ஆனா ஸ்ட்ராப் மாட்டணும். நிறைய பேரு போலீஸைப் பாத்து தலையில கவுத்துக்குறாங்க, மோதுறதுக்கு முன்னாடியே அது கழண்டு ஓடிடும். மாட்டிட்டு முன்பக்கம் இழுத்துப் பாருங்க, கழண்டு வந்தா அது ஹெல்மெட் இல்ல, தொப்பி.

கண்ணு முன்னாடி யாராவது விழுந்தா உடனே ஹெல்மெட்டைப் பிடிச்சு இழுக்காதீங்க. வைசரை (முகத்து முன்னாடி இருக்குற கண்ணாடியை) தூக்கி விடுங்க, மூச்சு வருதான்னு பாருங்க, தலையும் கழுத்தும் ஆடாம ஒருத்தர் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கங்க, இன்னொருத்தர் 108க்கு அடிங்க. மூச்சு இல்ல, வாந்தி அடைக்குதுன்னா மட்டும் ஒருத்தர் கீழேர்ந்து கழுத்தைத் தாங்க, இன்னொருத்தர் ஹெல்மெட்டை ரெண்டு பக்கமும் விரிச்சு மெதுவா எடுக்கலாம். ஆட்டோல மடக்கிப் போட்டு கொண்டு வர்றதுலதான் கழுத்து எலும்பு கேஸ் பல நேரம் மோசமாகுது. போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு பயப்பட வேணாம், உதவி பண்ணவங்களைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவு இருக்கு, பேரு கூட சொல்லணும்னு கட்டாயம் இல்ல. தமிழ்நாட்டுல முதல் 48 மணி நேரச் செலவுக்கு இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கு, பணம் கையில இல்லையேன்னு யாரும் வெயிட் பண்ணாதீங்க.