சொல் விளக்கம்: ஆசிலோஸ்கோப் என்னும் அலைவுகாட்டி

பணிமேசையில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. 'ஸ்கோப்' என்றாலே போதும். "ஸ்கோப்புல எவ்வளவு வருது?" என்று கேட்டால், அந்த ரேடியோ அதிர்வெண் பெருக்கி எத்தனை வாட் தருகிறது என்று கேட்பதாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஸ்கோப் வாட்டைக் காட்டுகிற கருவி அல்ல. ஓரிடத்தில் மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மட்டும் அது வரைந்து காட்டும். வாட் நாம் போடும் கணக்கு. தப்பும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் நுழைகிறது. நல்ல தமிழ்ச்சொல் இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஆசிலோஸ்கோப் இரண்டு மொழிகள் ஒட்டிப் பிறந்த சொல். முன்பாதி லத்தீன்: 'ஆசில்லாரே' என்றால் ஊசலாடுதல். திராட்சைத் தோட்டங்களில் மரக்கிளையிலிருந்து ரோமானியர் தொங்கவிட்ட சிறு முகமூடிக்கு 'ஆசில்லும்' என்று பெயர். காற்றில் அது ஆடியதிலிருந்து ஆடுதலைக் குறிக்கும் வினை வந்தது என்பார்கள் மொழிநூலார். பின்பாதி கிரேக்கம்: 'ஸ்கோபெயின்', அதாவது உற்று நோக்குதல். இதற்கு ஒரு மூத்த உறவும் உண்டு: ஆசிலோகிராஃப். 'கிராஃப்' என்றால் வரைதல், பதிதல். ஃபிரான்ஸ் நாட்டின் ஆந்த்ரே புளோந்தெல் 1893இல் உருவாக்கிய ஆசிலோகிராஃபில் சிறு கண்ணாடி ஒன்று மின்னோட்டத்துக்கு ஏற்ப ஆடி, ஒளிக்கோட்டை வரையும். 1897இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் எதிர்மின் கதிர்க்குழாயைக் கொண்டுவந்தபின் ஆடுகிற கண்ணாடிக்கு வேலை இல்லாமல் போனது. எடையே இல்லாதது போன்ற எலக்ட்ரான் கற்றை எவ்வளவு வேகமாகவும் ஆடும். ரேடியோ அதிர்வெண்ணைக் கண்ணால் பார்க்க முடிந்தது அதனால்தான்.

தமிழில் அலைநோக்கி, அலைவுநோக்கி, அலைவுகாட்டி என்று மூன்று வடிவங்கள் சொல்லத் தக்கவை. மூன்றாவதே சரி என்பது இக்கட்டுரையின் தரப்பு. காரணம் இரண்டு.

முதலாவது, அலை வேறு, அலைவு வேறு. 'அலை' இடம் விட்டு இடம் போவது. அறி என்பதிலிருந்து அறிவும் விளை என்பதிலிருந்து விளைவும் வந்ததுபோல, அலைதல் என்னும் வினையிலிருந்து வந்தது 'அலைவு'. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆடுவது. லத்தீன் வினைக்கு நேர்ச்சொல் ஊசலாட்டம்தான் என்றாலும், 'ஊசல்' இயற்பியலில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. ஸ்கோப் காட்டுவது கம்பியில் ஓடும் அலையை அல்ல, புரோப் (ஸ்கோப்போடு இணைந்த தொடுமுனைக் கம்பி) தொட்ட ஒரு புள்ளியில் நிகழும் அலைவை. இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. பெருக்கியை ஆன்டெனாவோடு இணைத்துவிட்டு இடையே கேபிளில் புரோப் வைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். ஆன்டெனாவின் மின் எதிர்ப்பு கேபிளோடு பொருந்தாவிட்டால் எதிரொளித்து வரும் அலை சேர்ந்து நிலையலை உண்டாகும். கேபிளில் ஓரிடத்தில் 60 வோல்ட், ஒரு மீட்டர் தள்ளி 110 வோல்ட் என்று இருக்கும். இரண்டுமே உண்மையான மின்னழுத்தம். இரண்டில் எதை வைத்துக் கணக்குப் போட்டாலும் வாட் தப்பு.

ஆகவே அளவு எடுப்பதற்கு ஆன்டெனா வேண்டாம், அதற்குப் பதிலாகத் திறனை வெப்பமாக விழுங்கும் டம்மி லோடு வேண்டும். பாடநூல்கள் லோடைப் 'பளு' என்கின்றன. 'போலிப் பளு' என்பது பொருத்தமான பெயர்தான். 50 ஓம் தூய மின்தடையாக அது இருக்க வேண்டும். கம்பி சுற்றிய மின்தடை இங்கே ஆகாது. அது பாதி மின்தடை, பாதி மின்தூண்டி. 1 கிலோ ஓம், 2 வாட் மெட்டல் ஆக்சைடு மின்தடைகள் இருபதைப் பக்க இணைப்பில், கால்களைக் குட்டையாக வெட்டி இணைத்தால் 50 ஓம், 40 வாட் பளு கிடைக்கும். 30 மெகாஹெர்ட்ஸ் வரை அது நன்றாக நிற்கும்.

இரண்டாவது காரணம், காட்டுவது வேறு, அளப்பது வேறு. வெப்பநிலைமானி, காற்றழுத்தமானி எல்லாம் 'மானி'. அவை ஓர் எண்ணைத் தரும். திசைகாட்டி, நிலைமின்காட்டி எல்லாம் 'காட்டி'. அவை நிலவரத்தைக் காட்டும், முடிவு நம்முடையது. 'அலைமானி' என்று இதை மொழிபெயர்ப்பது கூடாது. அலைநீளத்தையோ அதிர்வெண்ணையோ அளக்கும் வேவ்மீட்டருக்கு உரிய பெயர் அது. 'நோக்கி' கிரேக்கத்துக்கு நெருக்கம்தான். ஆனால் தொலைநோக்கியிலும் நுண்ணோக்கியிலும் நாம் கண்வைத்து ஊடே நோக்குகிறோம். இதில் கருவி திரையில் வரைந்து காட்டுகிறது. எழுதும்போது 'அலைவுகாட்டி' என்றே எழுத வேண்டும். திசைகாட்டி, வழிகாட்டி போல இடையில் ஒற்று மிகாது.

காட்டியதை வாட்டாக மாற்றும் கணக்குக்குள் இன்னொரு சொல் சிக்கல் இருக்கிறது. 'பீக் டு பீக்' என்கிறோம். ஒரு பீக்கிலிருந்து அடுத்த பீக் வரை என்று புதியவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அது அலைவின் காலமாகிவிடும்! பாடநூலில் முகடு, அகடு என்ற அழகான இணை ஏற்கெனவே உண்டு. 'முகடு–அகடு மின்னழுத்தம்' என்றால் குழப்பமே இல்லை. வெறும் 'பீக்' என்பது நடுக்கோட்டிலிருந்து முகடு வரை, அதாவது இதில் பாதி. சைன் அலைக்குக் கணக்கு இது:

வாட் = (முகடு–அகடு வோல்ட்)² ÷ (8 × ஓம்)

50 ஓம் பளுவில் வகுக்கும் எண் 400. 20 வோல்ட் என்றால் 1 வாட். 63 வோல்ட் என்றால் 10 வாட். 200 வோல்ட் என்றால் 100 வாட். மின்னழுத்தம் இருமடியாகி நிற்பதால் பிழையும் பெருகும்: மின்னழுத்தத்தில் 3 சதவீதம் பிசகினால் வாட்டில் 6 சதவீதம். புரோப்பின் சுவிட்ச் 10 மடங்கில் (மின்னழுத்தத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலை) இருக்க, ஸ்கோப்பின் மெனு 1 மடங்கில் இருந்தால் 100 வாட் பெருக்கி 1 வாட் தருவதாகத் தெரியும்.

அந்த 8 சைன் அலைக்கு மட்டுமே செல்லும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 20 வோல்ட் சதுர அலையை இதில் போட்டால் 1 வாட் என்று வரும். பளுவில் உண்மையில் சூடாவது 2 வாட். வடிகட்டி இல்லாத கிளாஸ் சி, கிளாஸ் ஈ வகைப் பெருக்கிகளின் வெளியீட்டில் சீரிசைகள் (அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகள்) நிறைந்திருக்கும். உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ பாஸ் வடிகட்டிக்குப் பின்னால்தான் அளவு எடுக்க வேண்டும். திரையில் அலை சாய்ந்தோ தட்டையாகவோ இருந்தால் இந்தச் சூத்திரத்தைத் தொடவே கூடாது.

புரோப்புக்கு 'ஆய்வுமுனை' என்ற பெயர் உண்டு. சுருக்கமான சொல்தான், ஆனால் முனையைப் பற்றி மட்டும் பேசி மற்றதை மறைத்துவிடுகிறது. முனையைப் போலவே அதன் எர்த் கம்பியும் அளவில் கலந்துகொள்கிறது. வழக்கமான 15 செ.மீ. எர்த் கம்பி ஏறத்தாழ 150 நானோஹென்றி; முனையின் 12 பிகோஃபாரடோடு சேர்ந்து 120 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்வு அடையும். 14 மெகாஹெர்ட்ஸ் வெளியீட்டின் சீரிசைகள் போய் அங்கே முட்டி, இல்லாத நெளிவுகளைத் திரையில் காட்டும். புரோப்போடு வரும் சிறு சுருள்வில்லை முனைக்கு அருகிலேயே பொருத்தினால் இது அடங்கிவிடும்.

புரோப்பிலுள்ள ஈடுசெய்யும் திருகையும் (அது ஒரு மாறு மின்தேக்கி) ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 10 மடங்கு புரோப்பில் 9 மெகா ஓமும் 1 மெகா ஓமும் பங்குபோடுவது நேர்மின்னழுத்தத்தை மட்டும்தான். சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பங்குபோடுவது மின்தேக்கிகள். அதாவது அந்தத் திருகு. 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையின் தலை தட்டையாக வரும்வரை அதைத் திருப்பவில்லை என்றால், பேட்டரியைச் சரியாகக் காட்டும் புரோப் ரேடியோ அதிர்வெண்ணில் 10 சதவீதம் கூடவோ குறையவோ காட்டும். 1 மடங்கு நிலையை இந்த வேலைக்குத் தொட வேண்டாம். அதன் பட்டை அகலம் (கடத்தக்கூடிய அதிர்வெண் எல்லை) பெரும்பாலும் 10 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது.

இன்னொரு ஆபத்து புரோப்பின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. 600 வோல்ட் என்ற எண் நேர்மின்னுக்கும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கும் உரியது. சில மெகாஹெர்ட்ஸ் தாண்டியதும் அந்த எல்லை இறங்கத் தொடங்கும். 30 மெகாஹெர்ட்ஸ் அருகே சில பத்து வோல்ட்டாகச் சுருங்கிவிடும் புரோப்களும் உண்டு. 100 வாட் பெருக்கியின் 200 வோல்ட்டை அதில் கொடுத்தால் முனைக்குள் இருக்கும் சிறு உறுப்புகள் சூடாகிக் கருகும். புரோப்பின் கையேட்டில் உள்ள வளைகோட்டைப் பார்க்காமல் வைக்கக் கூடாது.

100 வாட் அளவுக்குப் புரோப்பே இல்லாமல் அளப்பது மேல். பளுவின் உயிர்முனையிலிருந்து (எர்த் அல்லாத முனை) 2,450 ஓம் தொடர் மின்தடை வழியாக, 50 ஓம் கேபிளில், ஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டுக்குப் போனால் சரியாக 50இல் ஒரு பங்கு கிடைக்கும். ஐந்து 470 ஓம், ஒரு 100 ஓம், தொடராக: கூட்டினால் 2,450. ஒன்றையே போடாமல் ஆறாகப் பிரிப்பது வெப்பத்துக்காக மட்டும் அல்ல. மின்தடையின் இரு முனைகளுக்கும் இடையே அரை பிகோஃபாரட் இருந்தாலே 30 மெகாஹெர்ட்ஸில் அது குறுக்குவழியாகி, மின்னழுத்தத்தை இரண்டரை சதவீதமும் வாட்டை 5 சதவீதமும் கூட்டிக் காட்டும். ஆறைத் தொடராக்கினால் அந்தத் தேக்கம் ஆறில் ஒன்றாகும். 100 வாட்டில் ஒவ்வொரு 470 ஓமிலும் 0.38 வாட் செலவாகும். 1 வாட் கார்பன் ஃபிலிம் தாங்கும். உலோகப் பெட்டிக்குள் நேர்க்கோட்டில், பெட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்கும்படி பற்றவைக்க வேண்டும். பளுவின் உயிர்முனையில் பெருக்கி இல்லாமல் 10 வோல்ட் நேர்மின் கொடுத்துப் பார்த்தால் ஸ்கோப்பில் 0.2 வோல்ட் வர வேண்டும். பிறகு சிக்னல் ஜெனரேட்டரை வைத்து 1 மெகாஹெர்ட்ஸிலும் 30 மெகாஹெர்ட்ஸிலும் பங்கு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பெட்டியை நம்பலாம்.

இனி திரையில் 3.6 வோல்ட் முகடு–அகடு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 50ஆல் பெருக்க 180, இருமடி 32,400, 400ஆல் வகுக்க 81 வாட். பங்குபோடும் மின்தடை பளுவோடு பக்க இணைப்பில் நிற்பதால் மொத்தம் 49 ஓம். அதையும் சேர்த்தால் ஏறக்குறைய 82.6 வாட்.

ஸ்கோப்பில் 50 ஓம் உள்ளீடு இல்லாவிட்டால், 50 ஓம் ஊடுசெல் முடிப்பானை (கேபிளின் முடிவில் 50 ஓமாக நிற்கும் இணைப்பான்) அதன் வாயில் போட வேண்டும். கடையில் வாங்கிய அட்டென்யூவேட்டரை (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) வைத்து அளப்பவர்கள் இதை மறந்துவிட்டால் திரையில் மின்னழுத்தம் இரட்டிப்பாகும், வாட் நான்கு மடங்காகும். 25 வாட் பெருக்கியை 100 வாட் என்று எண்ணி மகிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மறுபக்கம், 50 ஓம் உள்ளீடு பல ஸ்கோப்களில் 5 வோல்ட் ஆர்எம்எஸ் (அதே வெப்பத்தைத் தரும் நேர்மின் அளவு) வரைதான் தாங்கும். அது வெறும் அரை வாட். பெருக்கியை நேராகச் செருகினால் போச்சு.

பட்டை அகலம் என்ற சொல்லும் நினைப்பதைவிடக் கண்டிப்பானது. 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் 100 மெகாஹெர்ட்ஸில் 71 சதவீத மின்னழுத்தத்தையே காட்டும்; வாட்டில் பாதி காணாமல் போகும். மூன்றில் ஒரு பங்கு அதிர்வெண்ணிலேயே 5 சதவீதம் வரை விழலாம். அளக்கும் அதிர்வெண்ணைப் போல ஐந்து மடங்காவது பட்டை அகலம் இருந்தால் நிம்மதி.

டிஜிட்டல் ஸ்கோப்பில் நேர அளவை மெதுவாக வைத்தால் மாதிரி எடுக்கும் வேகமும் இறங்கும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு கட்டம் 50 நானோநொடி என்று வைத்தால் பத்துக் கட்டங்களில் ஏழு அலைவுகள் தெரியும். ஒரு கட்டம் 1 மில்லிநொடி என்று வைத்து, நினைவகம் 10,000 புள்ளிகளாக இருந்தால், நொடிக்குப் பத்து லட்சம் மாதிரிதான். திரையில் வருவது போலி அலை. பேச்சை அனுப்பும் ஒரு முறையான ஒற்றைப் பக்கப்பட்டைக்குரிய பெருக்கியில் அலையின் உறையை (முகடுகளைத் தொட்டுச் செல்லும் வெளிக்கோடு) பார்க்க மெதுவான நேர அளவு தேவைதான். அப்போது ஒவ்வொரு இடைவெளியிலும் மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த மதிப்புகளைப் பிடிக்கும் பீக் டிடெக்ட் முறையைப் போட வேண்டும். சமமான இரண்டு குரல் அதிர்வெண்களைக் கொடுத்து, உறையின் மிக உயர்ந்த இடத்தில் எடுக்கும் முகடு–அகடு மின்னழுத்தம் உறை உச்சத் திறனைத் தரும். சராசரித் திறன் அதில் பாதி. உறையின் தலை தட்டையாகத் தொடங்கும் இடத்தில் பெருக்கியின் நேர்கோட்டு எல்லை முடிகிறது. வாட்டைக் குறிக்க வேண்டியது அதற்குச் சற்றுக் கீழே.